ஓட்டக்காரர் அள்ளுவினம்

குருநகரில் அவனை யாரும் வெறும் கனிசியஸ் என்று கூப்பிட்டதில்லை. சீ கனிசியஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்பாதி ஞானஸ்நானத்தில் சுவாமியார் வைத்தது. முன்பாதி அவன் வாயாலேயே வந்தது. குப்பையைக் கண்டால் சீ, சாக்கடை ஓடுகிற கானைக் கண்டால் சீ, பக்கத்து வீட்டுக் குசினியில் கருவாடு பொரிந்தாலும் சீ. மீன்பிடிக்கிற குடும்பத்தில் மீன்குடலைக் கண்டு ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற பிள்ளை பிறந்தால் தகப்பன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வார்? ஒருநாள் வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார். பையனுக்கு அலையில் தலை சுற்றவில்லை. வள்ளத்தின் அடியில் தேங்கிக் கிடந்த மீன்தண்ணீரின் மணத்துக்குத்தான் சுருண்டு விழுந்தான்.

"கடல் ஒத்துவராட்டி விடு. மணமே ஒத்துவராட்டி நீ ஏன்ரா இஞ்சை வந்து பிறந்தனி?" என்று கேட்டுவிட்டு, தகப்பன் அவனைப் பட்டணத்தில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். வள்ளங்களுக்குப் பூட்டுகிற மோட்டார்களைத் திருத்த அங்கே பழகினான். கிறீசும் மண்ணெண்ணெயும் அவன் மூக்குக்கு அத்தர். பிறகு வீடு இருந்த குறுகிய ஒழுங்கையிலேயே சொந்தப் பட்டறை போட்டுப் பிழைத்தான்.

றோஸைக் கல்யாணம் கட்டிய மறுநாளே வீட்டுச் சட்டத்தைச் சொல்லிவிட்டான். அவன் வீட்டுக்கு வரும்போது குடல், செதிள், தோல் எதுவும் வளவுக்குள் இருக்கக் கூடாது. கடற்கரைப் பெண்ணிடம் இப்படிச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். அவள் ஓம் என்றாள். அன்று முதல் அவன் வீட்டில் எந்த மணமும் வந்ததில்லை. அது எங்கே போகிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதுமில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு கடலுக்குத் தடை வந்தது. கரையோரத்தில் இறாலும் சிறுமீனும் பிடிக்கலாம், அதற்கு மேலே போனால் கடற்படை சுடும். வள்ளங்கள் மண்ணில் கவிழ்ந்து கிடந்தன. மோட்டார் ஓடாத ஊரில் மோட்டார் திருத்துகிறவனுக்கு என்ன வேலை? பட்டறை பூட்டியபடி கிடந்தது. ஆனால் உடம்புக்குத் தடை உத்தரவு தெரியாது. கடலுக்குப் போகிற நேரத்துக்கு எல்லோருக்கும் விழிப்பு வந்துவிடும். எழும்பி, போக இடமில்லாமல், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஆளையாள் பார்த்தபடி இருப்பார்கள்.

பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டத்தில் கோப்பை வாங்கிய கிறகோரிதான் முதலில் சொன்னான். "இருந்து இருந்து நாறப்போறம் மச்சான். எழும்பு, ஓடுவம்."

நாறுவது என்ற சொல் காதில் விழுந்ததும் கனிசியஸ் எழும்பிவிட்டான். இளந்தாரி லியோனும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்தார்கள். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா வாசற் படலையில் நின்று சிரித்தாள். கனிசியஸுக்காக றோஸ் முழங்காலுக்கு மேலே நிற்கிற ஒரு சிவப்புக் களிசான் தைத்துக் கொடுத்தாள். அது பின்பக்கம் தேய்ந்தபோது ஒரு நீலத் துண்டை வைத்து ஒட்டுப் போட்டாள். அந்த நீல ஒட்டு முன்னே ஓட, மற்றவர்கள் பின்னே ஓடினார்கள்.

அதற்கு முன் முதல்நாள் கூத்தைச் சொல்லவேண்டும். விடிந்து வருகிற நேரம் ஏழெட்டு ஆம்பிளைகள் ஒழுங்கையால் ஓடினால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், கோட்டையிலிருந்து ஆமி வெளிக்கிட்டுவிட்டது. ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிற வழக்கம் யாழ்ப்பாணத்தில் அப்போது ஒழிந்துபோயிருந்தது. முதலில் ஓடுவது, பிறகு கேட்பது. செபஸ்தியம்மா பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தேத்தண்ணீர்க் கடைக்காரர் கொதிக்கிற கேத்திலை விட்டுவிட்டு ஓடினார். பின்னால் சனம் ஓடிவருவதைத் திரும்பிப் பார்த்த நம்மவர்கள், உண்மையாகவே ஆமிதான் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினார்கள். எல்லோரும் கோயில் வளவுக்குள் போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கி, ஆர் முதலில் ஓடியது என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செபஸ்தியம்மா திட்டிய திட்டில் கோயில் புறாக்களும் கலைந்துபோயின.

அதன்பிறகு ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஓடும்போது லியோன் ஒரு தகர வாளியைத் தட்டிக்கொண்டு ஓடவேண்டும். வாளிச் சத்தம் கேட்டால் ஓட்டக்காரர், கேட்காவிட்டால் ஆமி. சனம் நிம்மதியாகப் படுத்தது. சுவாமியார் ஒருநாள் இவர்களை மறித்து, "ஒவ்வொரு நாளும் வாளியோடை ஓடுறியள். ஏதாவது அள்ளினால் என்ன?" என்று கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் அவர்களுடைய சிரமதானம். எழும்பமுடியாத கிழவிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், சவக்காலை மதிலைக் கட்டினார்கள், ஒழுங்கைப் பள்ளங்களை நிரவினார்கள். கடைசியாகக் கானில் கைவைத்தார்கள்.

கானில் கைவைக்கலாம் என்று சொன்னவன் சீ கனிசியஸ்தான். ஒழுங்கை முழுவதுக்கும் ஒரேயொரு நல்லதண்ணீர்க் கிணறு, மற்றதெல்லாம் உவர். அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தால்தான் கான் போகிறது, மதகுக்குக் கீழால் கடலுக்கு இறங்குகிறது. போன மாரிக்குக் கான் அடைத்து, ஊத்தைத் தண்ணீர் கிணற்றுக்குள் பாய்ந்தது. ஒழுங்கையில் பாதிச் சனத்துக்கு வயிற்றாலடி. கனிசியஸின் ஒரே மகள் பெர்னடெட் ஆசுபத்திரியில் சேலைனோடு கிடந்தாள். கண் உள்ளே போய், உதடு வெடித்து, பிள்ளை பிழைக்குமோ என்று தெரியாமல் அவன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான். பிழைத்துவிட்டாள். ஆனால் இன்னொரு தரம் வந்தால் அந்த உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்லியனுப்பினார். அடுத்த மாரிக்கு முன் கான் ஓடவேண்டும். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கானில் கிடந்தவற்றை எழுதவே கை கூசுகிறது. புழுத்த இறால் தலைகள், கோழிச் சிறகு, பிள்ளைகளின் பீத்துணி, ஊதிச் செத்த எலி. சந்திக்கடை இறைச்சிக்காரர் போட்ட ஒரு ஆட்டுத்தலையும் கிடந்தது, அது கண்ணைத் திறந்தபடி இருந்தது. கனிசியஸ் அள்ளுவான், கரையேறிச் சத்தி எடுப்பான், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் இறங்குவான். சனிக்கிழமை முழுவதும் அள்ளிக் கானைக் கண்ணாடியாக்கிவிட்டுப் போனார்கள். ஞாயிறு பூசையில் சுவாமியார் பிரசங்கத்தில் அவர்களைப் புகழ்ந்தார். பூசை முடிந்து, நல்ல உடுப்போடு வீட்டுக்குப் போன அதே சனம், மத்தியானம் சமைத்த மீனின் குடலை அதே கானுக்குள் கொட்டியது.

"என்ன அக்கா செய்யிறியள்? நேற்றுத்தானே அள்ளினனாங்கள்" என்று செபஸ்தியம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"அதுக்கென்ன தம்பி? வாற கிழமையும் ஓட்டக்காரர் அள்ளுவினம்தானே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நம்பிக்கையோடு சொன்னாள்.

அந்த நம்பிக்கைதான் கேடு. முன்பெல்லாம் கானில் ஊத்தையைப் போடுகிறவர்கள் அக்கம்பக்கம் பார்த்துப் போடுவார்கள். இப்போது தலையை நிமிர்த்திக்கொண்டு போட்டார்கள். போடு பிள்ளை, ஓட்டக்காரர் அள்ளுவினம் என்று தாய்மார் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். நல்லது செய்கிறவனின் தோளில் ஏறி இருந்துகொண்டு பீச்சுகிறதில் நம்மைப் போல ஒரு சாதி உலகத்தில் கிடையாது. கரையில் இறால் வாங்கி விற்கிற வாடிக்கு முதலாளியான சம்மாட்டியார் செல்வரட்ணம் வாசலில் நின்று சொன்னார்: "சிரமதானமோ? சிரமத்தைத் தானம் பண்ண இவங்கள் இருக்கேக்கை, எங்களுக்கு ஏன் சிரமம்?"

அடுத்த சனிக்கிழமை கானிலிருந்து ஒரு சாக்கு வந்தது. உள்ளே இறால் தலைகள், வெளியே செல்வரட்ணத்தின் வாடி அடையாளம். கனிசியஸ் அதைத் தோளில் போட்டான். லியோன் வாளியைத் தட்ட, எல்லோருமாக ஓடிப்போய்ச் சம்மாட்டியாரின் படலையடியில் சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். வாளிச் சத்தத்துக்கு ஒழுங்கை முழுவதும் கூடிவிட்டது.

"இனி எந்த வீட்டு ஊத்தையோ அந்த வீட்டுப் படலையிலை கொண்டுவந்து வைப்பன்" என்று கனிசியஸ் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "அது ஆற்றை வீடெண்டாலும் சரி. வாளி தட்டித்தான் வைப்பன்."

செல்வரட்ணம் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். ஆளை விட்டுக் கூட்டி அள்ளினார். அடுத்த சனி செபஸ்தியம்மாவின் படலைக்கு வாளி போனது, அதற்கடுத்த சனி ஆட்டுத்தலைக்காரரின் படலைக்கு. மானத்துக்குப் பயந்து சனம் மெல்ல மெல்லக் கிடங்கு வெட்டி ஊத்தையை மண்ணுக்குள் தாழ்க்கத் தொடங்கியது. கனிசியஸின் நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டில் சாப்பிடும்போதுகூட ஊர்ச்சனத்தின் ஊத்தையைப் பற்றித்தான் கதைப்பான். றோஸ் குனிந்தபடி சோறு போடுவாள்.

எல்லாம் துப்புரவாகியும் தண்ணீர் மட்டும் ஓடவில்லை. மதகடியில் கறுப்பாகத் தேங்கி நின்றது. வானம் மூடிக்கொண்டு வந்த ஒருநாள் பின்னேரம், மழைக்கு முன் அதை எடுத்தே தீருவது என்று எல்லோரும் போனார்கள். செல்வரட்ணமும் குடையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார். கனிசியஸ் மார்பளவுக்கு இறங்கி இரும்பு அலவாங்கால் குத்தினான். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. கையை விட்டு இழுத்தான்.

இரண்டு காலும் முடிந்து கட்டிய ஒரு பொதி. உள்ளே இறால் தோல் ஊறி, அழுகி, வெடிக்கிற அளவுக்கு ஊதியிருந்தது. சிவப்பு நிறம். பின்பக்கத்தில் நீல ஒட்டு. அதற்குப் பின்னால் அதே மாதிரி முடிச்சுப் போட்ட பொதிகள் இன்னும் வந்தன, ஒன்று பெர்னடெட்டின் பழைய சட்டை, ஒன்று தலையணை உறை.

அந்தக் களிசானை அடையாளம் தெரியாதவர் ஒழுங்கையில் இல்லை. தையல் விட்டுப் போச்சு, துடைக்கிற துணிக்கு எடு என்று போன மாதம் றோஸிடம் கொடுத்தது அவனுக்கு நினைவு வந்தது.

கிறகோரி கிட்ட வந்து மெல்லச் சொன்னான்: "மச்சான், மற்றக் குப்பையோடை குப்பையாய் வண்டிலிலை போடு. ஆர் பாக்கப்போகினம்?"

குடைக்குக் கீழிருந்து செல்வரட்ணம் கேட்டார்: "என்ன கனிசியஸ், இண்டைக்கு வாளி தட்டேல்லையோ?"

கனிசியஸுக்கு, ஊர் முழுவதையும் பார்த்துச் சீ சொன்ன வாய் தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொண்டதுபோல் இருந்தது. அவன் பொதியைத் தூக்கித் தோளில் போட்டான். அழுகிய தோலின் தண்ணீர் முதுகால் வழிந்தது.

"லியோன், தட்டு."

"அண்ணை, வேண்டாம்."

"தட்டெண்டு சொன்னன்."

வாளிச் சத்தத்தோடு அவன் தன் படலைக்கு ஓடினான். இன்றைக்கு யாருடைய வீடு என்று பார்க்க ஒழுங்கை முழுவதும் பின்னால் வந்தது. பொதியை அவன் தன் படலையடியில் வைத்தபோது கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். றோஸ் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள். பெர்னடெட் அவளுக்குப் பின்னால் ஒட்டி நின்றாள்.

"என்ன இது?" என்று கனிசியஸ் கேட்டான். குரல் ஏறவில்லை.

"உங்கடை களிசான்" என்றாள் றோஸ். "உள்ளுக்கை இருக்கிறது நான் உரிச்ச இறாலின்ரை தோல். நீங்கள் ஓடப் போனாப்பிறகு சம்மாட்டியாற்றை இறாலை உரிச்சுக் குடுக்கிறனான். பட்டறை பூட்டிக் கிடக்கு, பிறகெப்பிடி அடுப்பெரியுதெண்டு நினைச்சியள்? அந்தத் தோலை வீட்டிலை வைச்சால் நீங்கள் சத்தி எடுப்பியள். தாட்டால் முத்தம் மணக்குதெண்டு சோறு தின்னமாட்டியள். உங்கடை மூக்குக்குப் பயந்துதான் கானிலை போட்டனான்."

"பிள்ளை செத்துப் பிழைச்சவளடி. அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறாள்."

"தெரியும்" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது, அழவில்லை. "நீங்கள் அள்ளுவியள் எண்டுதான் நானும் நினைச்சனான்."

கூட்டம் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. சீ என்ற சொல்லுக்குத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை. வந்தாலும் யாருக்குச் சொல்வது? கனிசியஸ் கிறகோரியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வளவுக்குள் போனான். தான் படுக்கிற அறை யன்னலுக்குக் கீழே கிடங்கு வெட்டி, களிசானோடு சேர்த்துத் தாட்டான். வெளியே செல்வரட்ணம் குடையை மடக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையே மாரி அடித்தது. கான் மதகால் இறங்கிக் கடலுக்கு ஓடியது. கிணற்றில் ஒரு துளி கலக்கவில்லை. பெர்னடெட் அள்ளி அள்ளிக் குடித்தாள். ஒழுங்கைச் சனம் பயம் தெளிந்து பழையபடி ஒன்றிரண்டாகக் கானில் போடத் தொடங்கியது. சனம் திருந்தும் என்று நினைக்கிறவன் குருநகரில் பிறந்தவனாக இருக்கமாட்டான். ஓட்டக்காரர் அள்ளினார்கள். பிறகு யார் படலைக்கும் வாளி போகவில்லை.

மழை விட்ட ஒரு காலை ஓடிவிட்டு, லியோனின் தகர வாளியோடு கனிசியஸ் வந்தபோது, றோஸ் முற்றத்தின் நடுவில் இறால் தோல் நிறைந்த சட்டியோடு நின்றாள். ஒளிக்கவில்லை. மழையில் நனைந்த யன்னலடிக் கிடங்கு வேறு வளவு முழுவதும் வீசிக்கொண்டிருந்தது.

"மணக்குதோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று சொல்லி, கனிசியஸ் வாளியை நீட்டினான்.