சூளை மேஸ்திரி வீட்டு வாசலில் பெய்த பனி

2008ஆம் வருஷம் ஜூன் மாதம், வெயில் நூற்றாறு டிகிரியைத் தொட்ட ஒரு சனிக்கிழமை காலையில், விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சூளை மேஸ்திரியாக இருக்கும் சாமிதுரையின் வீட்டு வாசலில் பனி கொட்டியது.

மார்கழி மாதத்து மூடுபனி இல்லை. பஞ்சு மூட்டையை யாரோ அவிழ்த்துக் கவிழ்த்த மாதிரி, வெள்ளை வெளேரென்று. வேலி மறைந்தது. குப்பைத் தொட்டி மறைந்தது. சாமிதுரை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"ஆதி, இங்க வந்து பாரு. வூட்டு மேல பனி வுழுது."

ஆதிலட்சுமி அடுப்படியை விட்டு வரவில்லை. "கம்ப்யூட்டர் வூட்டு மேலயா, நம்ம வூட்டு மேலயா?"

"கம்ப்யூட்டர் வூட்டு மேல."

"அப்ப நீங்களே வாரிப் போடுங்க. எனக்குக் கொழம்பு கொதிக்குது."

அந்தக் கம்ப்யூட்டர் மகள் வெண்பாவின் படிப்புக்கென்று வந்தது. கூடவே வந்த ஒரு விளையாட்டில் மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டிக் குடி வைத்து, தினமும் வாழ வைக்க வேண்டும். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார்கள், வேலைக்குப் போகச் சொன்னால் போவார்கள். வெண்பா பத்து நாள் விளையாடிவிட்டு அலுத்துப் போய்ப் படிக்கப் போய்விட்டாள். பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் ஷிப்டுக்காரர் என்பதால் காலைப் பொழுது முழுக்க அவர் கையில் இருந்தது.

தன் வீட்டையே அதில் கட்டினார். நடுக்கூடம், ஓரமாக அடுப்படி, கொல்லையில் தனியாகக் கக்கூஸ். உள்ளே மூன்று பேர். நரை இல்லாத சாமிதுரை, கொஞ்சம் இளைத்த ஆதிலட்சுமி, இரட்டைச் சடை போட்ட வெண்பா. அந்த விளையாட்டில் ஒரு சுவிட்சு உண்டு. அதைப் போட்டால் ஆட்கள் தங்கள் சொந்த இஷ்டத்துக்கு நடப்பார்கள்; அணைத்தால் நாம் சொல்லும்வரை நின்ற இடத்தில் நிற்பார்கள். சாமிதுரை முதல் நாளே அதை அணைத்துவிட்டார். தாகத்தில் தவித்தாலும் அவர் மவுஸைத் தட்டாமல் அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. வெளியூரில் அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்வார்கள். சாமிதுரை அதைக் கட்டுக்கோப்பு என்றார்.

அந்த விளையாட்டுக்குப் பிற்பாடு எக்ஸ்பான்ஷன் பேக் என்று தனித்தனி சிடிக்கள் வந்தன. ஒன்றைப் போட்டால் ஊருக்குள் காலேஜ் வரும், இன்னொன்றைப் போட்டால் கடை வைக்கலாம், மற்றொன்றில் நாய் பூனை, வேறொன்றில் மழையும் பனியும். விவரம் தெரிந்தவர்கள் ஒன்றைப் போட்டு, ஊர் அதற்குப் பழகிய பிறகு அடுத்ததைப் போடுவார்கள். போடுவதற்கு முன், அதுவரை ஆடிச் சேமித்ததை நகலெடுத்து வைப்பார்கள். வெண்பாவும் அதைத்தான் சொன்னாள்.

சாமிதுரை கேட்கவில்லை. சூளை மேஸ்திரிக்கு அடியோடு ஆகாத காரியம் ஒன்று உண்டென்றால், அது பாதி காலியான சூளைக்கு நெருப்பு வைப்பது. மூலை முடுக்கெல்லாம் கப்பும் சாசரும் அடுக்கி, கை நுழைய இடமில்லை என்று ஆன பிறகுதான் கதவை மண் பூசி அடைப்பார். அதனால் சிடிக்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தாரே தவிர, ஒன்றையும் போடவில்லை. எல்லாம் சேரட்டும் என்று இருந்தார். அந்தச் சனிக்கிழமை சூளை மூடி ஆறிக்கொண்டிருந்தது, வேலைக்குப் போக வேண்டாம். கம்ப்யூட்டர் பெட்டிக்கு மஞ்சள் பிள்ளையார் வைத்து, கற்பூரம் காட்டி, காலை ஏழு மணிக்கு அத்தனை சிடியையும் அடுத்தடுத்து ஏற்றினார்.

"நகல் எடுத்தீங்களாப்பா?" என்றாள் வெண்பா.

"சூளைக்கு நகல் உண்டா பாப்பா?"

பதினோரு மணிக்கு விளையாட்டைத் திறந்தார். பனி கொட்டியது.

அது வெறும் ஆரம்பம். பனியில் ஒரு நாய் வந்து அவர் வாசற்படியில் காலைத் தூக்கியது. சிகப்புப் புடவைக்காரி ஒருத்தி, வரன் பார்த்துத் தருகிறேன் என்று காசு கேட்டாள். தெருமுனையில் கலர் கலராக விளக்கு எரியும் ஆட்டக்கூடம் முளைத்திருந்தது. அதற்குள்ளிருந்து கோரைப்பல் நீண்ட ஒருவன் கறுப்புக் கோட்டுடன் வெளியே வந்து, கம்ப்யூட்டர் ஆதிலட்சுமியை நிமிர்ந்து பார்த்தான்.

சாமிதுரை ஆயிரத்து இருநூறு டிகிரி நெருப்பைச் சூளை ஓட்டை வழியாகக் கண் கொண்டு பார்க்கிறவர். அவருக்கு வேர்த்துவிட்டது.

"ரத்தக்காட்டேரி ஒண்ணு உன்னைப் பார்க்குது ஆதி."

"இருபது வருசத்துல யாராச்சும் பார்த்தாங்களே, சந்தோசம்."

மத்தியானச் சோறு ஆறும்வரை ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தினார். ஆட்டக்கூடத்தின் விளக்கைப் பிடுங்கி, பந்தி மேசை போட்டுக் கல்யாண மண்டபம் ஆக்கினார். நாய்க்கு வேலிக்கு வெளியே ஒரு தட்டு. காட்டேரியைச் சுற்றி நான்கு சுவர் எழுப்பிக் கதவு வைக்கவில்லை. கடை சிடியில் வந்த கடையை செராமிக் ஷோரூம் ஆக்கினார். பருவங்களை வரிசைப்படுத்த ஒரு பக்கம் இருந்தது. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு கட்டம். சாமிதுரை நான்கிலும் கோடையை வைத்தார். அப்பாடா என்றிருந்தது; ஊர் மாதிரி ஆயிற்று. ஐந்து நிமிஷத்தில் கம்ப்யூட்டர் சாமிதுரை வெயில் தாங்காமல் வாசலில் மயங்கி விழுந்தார்.

பொழுதுபோக்கு சிடியில் வந்ததைக் கண்டுதான் அவர் அசந்து போனார். குயவர் சக்கரம். ஆட்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சந்தோஷத்துக்காக அதில் உட்கார்ந்து பானை வனைகிறார்கள். திரையில் அவர்கள் சந்தோஷத்தைக் காட்டும் கோடு மளமளவென்று ஏறுகிறது. திங்கட்கிழமை ஷிப்டு மாறும் நேரத்தில், முதல் ஷிப்டில் சூளை அடுக்கும் பாவாடையிடம் இதைச் சொன்னபோது, அவன் தூக்கிய பலகையைக் கீழே வைத்துவிட்டான்.

"வூட்லயும் மண்ணாண்ணே? சும்மாவா? கூலி கெடையாதா?"

"கெடையாது. சிரிச்சிக்கினே செய்யறான்."

"பைத்தியக்காரனுவ ஊரா இருக்கும்ணே. நீங்க அங்க குடி போவாதீங்க."

மிச்சமிருந்தது காலேஜ். அதற்கு மட்டும் சாமிதுரை யாரையும் அனுப்பவில்லை.

காரணம் இருந்தது. பிளஸ் டூ முடித்த வெண்பாவுக்குத் திருச்சியில் ஒரு பெண்கள் காலேஜில் கணக்குப் பாடத்துக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். சேர்வதற்கு அந்த வாரம்தான் கடைசி. சாமிதுரை முடியாது என்றுவிட்டார். உள்ளூரில் காலேஜ் இருக்கிறது, பஸ்ஸில் ஏறினால் டவுன் வரும், படித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணியாக இருக்கும். திருச்சியில் வெயில் அதிகம். இந்தக் கடைசிக் காரணத்தை விருத்தாசலத்தில் உட்கார்ந்து சொன்னார்.

விளையாட்டிலும் அதே சிக்கல். காலேஜ் தனி ஊர். போகிற பிள்ளை வீட்டை விட்டுப் போய்த் தங்கித்தான் படிக்க வேண்டும். பக்கத்து மனையில் காலேஜைக் கட்டி நடந்து போக வைக்க அவர் செய்து பார்த்த தந்திரம் எதுவும் பலிக்கவில்லை. இன்னொரு கறாரான விதியும் இருந்தது. இளவயது தாண்டிப் பெரியவளாகிவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் சேர்க்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் வெண்பாவுக்கு அந்த வயது கரைந்துகொண்டிருந்தது. சாமிதுரை அவளை ஷோரூமில் கல்லாவில் உட்கார வைத்தார்.

"அப்ப எனக்கு?" என்று ஞாயிற்றுக்கிழமை ஆதிலட்சுமி கேட்டிருந்தாள். "நான் பிளஸ் டூவோட வந்தவதானே. அதுல என்னைப் படிக்க அனுப்பலாமா?"

"பெரியவங்களுக்குக் கெடையாதாம்."

"அதுலயும் கெடையாதா," என்று சொல்லிவிட்டு அவள் துணி துவைக்கப் போனாள். அதை அவர் காதில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தார். நடுக்கூடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கல்லாவில் ஆள் இல்லை. கொல்லையில் தேடினார், மண்டபத்தில் தேடினார். காட்டேரியின் நான்கு சுவருக்குள்கூட எட்டிப் பார்த்தார்.

"பாப்பா எங்க? பாப்பாவைக் காணும் ஆதி."

வெண்பா பக்கத்து அறையிலிருந்து தலையை நீட்டினாள். "இங்கதாம்பா இருக்கேன்."

"நீ இல்ல."

ஆதிலட்சுமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நேத்து நீங்க ஷிப்டுக்குப் போனப்பறம் நான்தான் காலேஜுக்கு அனுப்பி வச்சேன். டாக்சி வந்துது, ஏறிப் போயிட்டா."

சாமிதுரை நாற்காலியில் பாதி திரும்பினார். இந்த வீட்டில் தன் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை. "என்னைக் கேக்காமயா?"

"பொம்மையைத்தானேங்க அனுப்பனேன். இவளையா அனுப்பனேன்?"

"உனக்கு மவுஸு புடிக்கத் தெரியுமா?"

"தெனம் ரெண்டு மணிக்கு மேல நான் வேற என்ன செய்யறன்னு நெனச்சீங்க?"

அது அடுத்த இடி. மூன்றாவது, திரையில் நடந்தது. அவர் மவுஸைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டர் ஆதிலட்சுமி தானாக எழுந்து, தானாக அடுப்படிக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"அந்த சுவிட்ச போட்டுட்டியா?"

"போட்டேன். ரெண்டு வருசமா நின்ன எடத்துல நிக்கறா, பாவமா இருந்துது."

சாமிதுரை கைகளைக் கட்டிக்கொண்டார். "சரி. நான் ஒண்ணுத்தையும் தொடப்போறதில்ல. சோறு தண்ணி இல்லாம கெடக்கட்டும் ரெண்டும். அப்பத் தெரியும் யாரு வூட்ட நடத்தறதுன்னு."

வெண்பாவும் வந்து கதவோரம் நின்றாள். மூன்று பேரும் பார்த்தார்கள்.

யாரும் பட்டினி கிடக்கவில்லை. கம்ப்யூட்டர் ஆதிலட்சுமி சமைத்தாள், சாப்பிட்டாள், நாய்க்கு வேலியைத் திறந்துவிட்டாள். மண்டபத்துக்குப் போய்த் தனியாக ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வந்தாள். பசி, தூக்கம், சந்தோஷம் காட்டும் அவளுடைய கோடுகள் எல்லாம் பச்சை. அவள் செய்த ஒவ்வொன்றுக்கும் சாமிதுரை, தன் பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆதிலட்சுமி தலையைத் திருப்பவில்லை.

கம்ப்யூட்டர் சாமிதுரை சக்கரத்தில் போய் உட்கார்ந்தார். பாதிப் பானையில் எழுந்தார். சுவரோரம் இருந்த டெலிபோனை எடுத்தார். தலைக்கு மேல் ஒரு குமிழில் இரட்டைச் சடை முகம் தெரிந்தது.

"யாருக்குப் பண்றாரு?" என்றார் சாமிதுரை, அவர் யாரோ எவரோ மாதிரி.

"தெரியலையா?" என்றாள் ஆதிலட்சுமி.

பேசி முடித்துவிட்டு அந்த ஆள் சாப்பிட உட்கார்ந்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து மறுபடி டெலிபோனுக்குப் போனார். அதே முகம். வந்து படுத்தார். புரண்டார். எழுந்து மூன்றாம் தரம் போனார். அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. வீட்டில் நாற்பது சாமான் இருந்தது, டிவி இருந்தது, ஷோரூமில் வியாபாரம் நின்று கிடந்தது. இஷ்டப்படி நடக்கலாம் என்று விட்டதும் அந்த மனிதனுக்கு இருந்த ஒரே இஷ்டம் அதுதான் போலிருந்தது.

சாமிதுரையின் முகம், தெரியாமல் சூளைக் கதவைத் திறந்து அனல் அடித்த மாதிரி ஆகிவிட்டது. மவுஸைப் பிடித்த கை, அந்தச் சுவிட்சு இருக்கும் பக்கத்துக்குப் போனது. அணைத்தால் அந்த ஆள் டெலிபோனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றுவிடுவார். கை அங்கேயே நின்றது.

"அணைச்சிடாதீங்கப்பா," என்றாள் வெண்பா. "பேசிக்கினு இருக்காரு."

அவர் கையை எடுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் திருச்சி ஹாஸ்டல்ல போனு இருக்குதா?"

ஆதிலட்சுமி மகளைப் பார்த்தாள். வெண்பா கதவோரத்திலிருந்து ஒரு எட்டு முன்னால் வந்தாள். மெதுவாகத்தான் பதில் வந்தது. "செல்போனு கூடாதாம்பா. ஆபீஸ் போனு இருக்குது. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் வூட்ல இருந்து பேசலாமாம்."

"ஆறுல இருந்து எட்டா? அது என் ஷிப்டாச்சே."

சாமிதுரை இரண்டாம் ஷிப்டை விட்டு அசையாதவர் என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். மச்சினன் கல்யாணத்தில் பாயசம் வருவதற்கு முன்னால் பந்தியிலிருந்து எழுந்து வேலைக்குப் போனவர். வெண்பா பிறந்த சேதியை சூளை வாயில் நின்றுதான் கேட்டார்.

"முதல் ஷிப்டுக்கு மாத்திக் கேக்கறேன்," என்றார். "பாவாடை ரெண்டாவதுக்கு வரட்டும். அவன் சிரிப்பான். சிரிக்கட்டும்."

ஆதிலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க, "காலையிலயே ஷிப்டுன்னா கம்ப்யூட்டரு எப்ப தொடுவீங்க?" என்று கேட்டாள்.

சாமிதுரை அதை யோசித்திருக்கவில்லை. நாற்காலியின் கையை ஒரு முறை தடவினார். பிறகு எழுந்து, அதை ஆதிலட்சுமியின் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீ பார்த்துக்க. அந்தக் காட்டேரிக்கு மட்டும் கதவு வச்சிடாத."