புழுவெட்டு இல்லை

என் தலைமுடியைப் பிய்த்தது நான்தான். புழுவும் இல்லை, சாமி குற்றமும் இல்லை... என் கைதான்!

பெரம்பலூரில் கல்லூரித் தேர்வுக்குப் படித்த நாட்களில் தொடங்கியது. விரல் தானாக உச்சிக்குப் போகும். சொரசொரப்பான முடியாகத் தேடும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு நிம்மதி... உடனே அழுகை. நிறுத்தித் தொலைக்கக் கூடாதா என்கிறீர்களா? நான் என்னைக் கேட்காத கேள்வியா அது!

உச்சியில் சொட்டை விழுந்ததும் புழுவெட்டு என்றாள் அம்மா. குரும்பலூர் வெங்காயக் காட்டில் கூலிக்குத் தாள் அரியப் போகிறவள், முந்தானையில் நாலு சின்ன வெங்காயம் முடிந்து வருவாள். நறுக்கித் தேய்ப்பாள். எரியும். முளைக்கும் என்று தேற்றுவாள். முளைத்தது. முளைத்ததையெல்லாம் பிடுங்கினேன்.

டவுனில் தோல் டாக்டரம்மா, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயே பிடுங்கிக்கிறியாம்மா?"

தலையசைத்தேன். அவர் திட்டவில்லை. இது திமிர் இல்லை, நோய் என்றார். கை மேலே போவதைக் கவனி, போனால் விரல்களை மடக்கி இறுக்கிக்கொள், திருச்சியில் மனநல டாக்டரிடம் போனால் முறையாகப் பழக்குவார்கள் என்றார். முதல்முறையாக ஒருவருக்கு என்னைப் புரிந்தது. நான் என்ன செய்தேன்?

மனநல டாக்டர் என்றால் ஊர் பைத்தியம் என்னும். மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த நேரம். வெளியே வந்து, மருந்துக்கு இது கேட்காதாம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். மொட்டை எனக்கென்றுதான் நினைத்தேன். அவள் போய் உட்கார்ந்தாள்! இடுப்புவரை தொங்கும் கூந்தல் அவளுக்கு.

"எம்முடிய எடுத்துக்கிட்டு எம்மவளுக்குக் குடு தாயே."

கத்தி வைத்தார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... பார்த்துக்கொண்டு நின்றேன். என் விரல் உச்சியில்தான் இருந்தது.

அம்மாவுக்கு நரைத்துத்தான் முளைத்தது. தலையில் துணி கட்டிப் பார்த்தேன், விரல்களை மடக்கிப் பார்த்தேன். ஒருநாள் திருச்சி பஸ் ஏறினேன். வழியில் பாடாலூரிலேயே இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சீ, என்ன பிறவி நான்!

நேற்றும் வெங்காயம் தேய்த்தாள்.

"என் வேண்டுதல்லதான் ஏதோ கொறை. ஆடியில மறுபடி முடி எறக்கிடறேன்."

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம்... குனிந்து, வெங்காயத்துக்குத் தலையைக் காட்டினேன்.