பாடம் வீட்டுக்கு, கணக்கு பள்ளிக்கு

“ஏம்மா, நீ படிக்கிறப்ப உங்க வூட்டுல யாரு உன்ன உக்கார வெச்சி பாடம் கேக்க வெச்சிருப்பாங்க? அத மொதல்ல சொல்லு.”

எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் இதைக் கேட்டபோது அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். ஜவ்வாது மலையில் அக்கம்பக்கத்து மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். அன்று பேச வேண்டியவள் நான். கீழே சமவெளியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன். அங்கே கற்றதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தலைப்பு, தலைகீழ் வகுப்பறை.

விஷயம் சின்னதுதான். வழக்கமாகப் பாடத்தைப் பள்ளியில் நடத்துகிறோம், கணக்குகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். இதில் அது மாறுகிறது. ஆசிரியர் பாடத்தைப் பதிவு செய்து கொடுத்துவிடுவார். பிள்ளைகள் அதை வீட்டில் கேட்டுவிட்டு வருவார்கள். கணக்குப் போடுவது, தப்பு செய்வது, திருத்துவது எல்லாம் வகுப்பில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது நடக்கும். இதைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நின்றபடி ஒரு மணி நேரம் பேசியே பாடம் நடத்தக் கூடாது என்று நின்றபடி ஒரு மணி நேரம் பேசினேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் காட்டிய முதல் படத்தில் ஒரு பிள்ளை மேசை முன்னால் உட்கார்ந்து மடிக்கணினியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தது. மேசைமேல் ஒரு பூச்சாடி.

“அந்த மேச எந்த ஊர்லங்க டீச்சர் கீது? நாமளும் மாறுதல் வாங்கிட்டு போய்டலாம்” என்றார் பின்னால் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் கணக்கு சார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆலங்காயத்திலிருந்து தினமும் காலையில் பைக்கில் வளைவுகள் ஏறி எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். பலகையில் அவர் எழுதும் எண்கள் அச்சடித்தவைபோல இருக்கும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ப்ரொஜெக்டரை அணைத்தேன்.

தலைமையாசிரியை மட்டும் என்னை விடவில்லை. “ஒரே ஒரு பாடம் பண்ணிப் பாருங்க. எட்டாம் வகுப்பு கணக்கு. சரிப்படலன்னா விட்டுடலாம்” என்றார். எட்டாம் வகுப்புக் கணக்கு என்றால் அது சாருடைய வகுப்பு. சார் தலையாட்டினார். சம்மதமா, சலிப்பா என்று தெரியவில்லை.

தலைமையாசிரியை எட்டாம் வகுப்பைச் சொன்னதற்குக் காரணம் ஒரு பெண். வீட்டுக்கணக்கு கொடுத்த மறுநாள் அவள் வர மாட்டாள். கொடுக்காத நாட்களில் சரியாக வந்து முதல் வரிசையில் உட்காருவாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது எங்களுக்கு அது புரிந்தது. அதற்குள் அவள் அம்மா முடிவுக்கே வந்திருந்தார். பள்ளிக்கு வந்து என்னிடம் சொன்னார்.

“பாதி நாளு வருது, பாதி நாளு வயித்து வலிங்குது. இதுக்கு வூட்டுலயே இருந்தா புளிக்காச்சும் ஆவும். புளி முடியட்டும் டீச்சர், பாக்கலாம்.”

புளி தட்டும் பருவம் முடிய இரண்டு மாதம். இந்த மலையில் இரண்டு மாதம் பள்ளிக்கு வராத பெண் மூன்றாவது மாதம் வருவதில்லை. கூடப் படித்தவர்களில் அப்படி நின்றுபோனவர்களின் பெயர்கள் எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கின்றன.

அந்த வயிற்று வலி எனக்குத் தெரியும். எனக்கும் வந்திருக்கிறது. பள்ளியில் பலகையைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்துவிடும். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் முதல் கணக்கிலேயே நின்றுவிடுவேன். அம்மா புளி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். என் நோட்டை எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

“நான் எதுனா பண்ணணுமா, பாப்பா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போவாள். எத்தனையோ முறை அந்த ‘ஒண்ணும் இல்ல’வைச் சொல்லியிருக்கிறேன். மலையிலேயே எனக்காக எது வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரே ஆளிடம், செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தலைகீழ் வகுப்பறை பற்றிப் பயிற்சியில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியதற்குக் காரணம் இதுதான். மற்றவர்களுக்கு அது ஒரு புது முறை. எனக்கோ, கணக்குப் போடும் நேரத்தில் கணக்குத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பார் என்ற செய்தி. ஆனால் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் பூச்சாடியைக் காட்டினேன்.

கூட்டம் முடிந்து அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் இருந்தார்கள். எங்கள் ஊரில் புளியைத் தனியாகத் தட்டுவதில்லை. இன்று ஒரு வீட்டுப் புளி என்றால் நாளை இன்னொரு வீட்டுப் புளி. கட்டையால் தட்டிக் கொட்டையை எடுத்து நாரை உருவிப் போடுவார்கள். நடுவில் ஒரு செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே டவர் கிடையாது. பாட்டெல்லாம் ஆலங்காயத்துக் கடையில் மெமரி கார்டில் ஏற்றி வாங்கியவை.

அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லோருடைய கையும் கண்ணும் புளியில் இருந்தன. காது மட்டும் சும்மா இருந்தது. வீடியோ எதற்கு? பேச்சு போதுமே. மேசை எதற்கு? வாசல் இருக்கிறதே.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். “படமே வேணாம் சார். எட்டு நிமிஷம் பேசுங்க, போதும். விகிதம்.”

“யாருக்குப் பேசறது? செவுத்துக்கா?”

“காலி கிளாஸ்ல நின்னு பேசுங்க சார். பழகின எடம்தானே.”

பள்ளி விட்டபின் எட்டாம் வகுப்பறையில் என் போனை மேசைமேல் வைத்தேன். சார் சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டார். அது இல்லாமல் பேச்சு வரவில்லை. புளியங்கொட்டைகளை இரண்டுக்கு மூன்று என்று பிரிப்பதிலிருந்து ஆரம்பித்தார். உண்மையில் அழகாகச் சொன்னார். நான்காவது நிமிடத்தில் பலகைப் பக்கம் திரும்பினார், உடனே சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

“ஏய், கடைசி பெஞ்ச்! இன்னா அங்க பேச்சு?”

கடைசி பெஞ்சில் யாரும் இல்லை. அறையிலேயே நாங்கள் இருவர்தான். சார் காலி பெஞ்சைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அத எடுத்துடும்மா.”

“எடுக்கத் தெரியாதே சார்.” அது பாதிப் பொய்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கட்டையைக் கீழே வைக்காமலே கேட்டாள். சார் திட்டிய இடத்தில் அவள் கை ஒரு நொடி நின்றது. முடிந்ததும் வழக்கம்போலக் கேட்டாள்.

“இப்ப நான் எதுனா பண்ணணுமா?”

இந்த முறை என் வாயில் ‘ஒண்ணும் இல்ல’ வரவில்லை. “ஆமாம்மா. இவரு சொன்னதுல உனக்கு எது புரியலயோ அத கேளு” என்றேன்.

அம்மா யோசித்தாள். “பங்குன்னா சமமாத்தான போடணும்? இவரு இன்னாத்துக்கு ஒருத்தருக்கு ரெண்டு, ஒருத்தருக்கு மூணு போடறாரு? யாரு அவரு, ஓரவஞ்சன பண்றாரு?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாருடைய கேள்விக்கு என்னால் சொல்ல முடியாத பதிலை அம்மா சொல்லிவிட்டாள். பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் படித்தவர் வேண்டும். கேள்வி கேட்க வீட்டில் யார் இருந்தாலும் போதும். அன்றே தாளில் எழுதினேன்: பாடத்தைக் கேளுங்கள், வீட்டில் இருப்பவர் ஒருவரின் கேள்வியைக் கொண்டுவாருங்கள். வேறு வீட்டுப்பாடம் கிடையாது.

மெமரி கார்டுகளில் ஏற்றிக் கொடுத்தனுப்பினோம். வீட்டிலேயே இருந்த அந்தப் பெண்ணுக்கும் கூடப் படிக்கிறவளிடம் ஒன்று போனது. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீடுகளில் போனே இல்லை. அந்தப் பிள்ளைகள் பக்கத்து வாசலில் போய்க் கேட்டார்கள். ஒரு வீட்டில் அண்ணன்காரன் பாடத்தை அழித்துவிட்டுப் பாட்டு ஏற்றிக்கொண்டான். ஒருவன் கேட்காமலே கேட்டேன் என்றான்.

அந்தப் பெண் மறுநாள் தன் அம்மாவின் கேள்வியோடு வந்தாள். வாசலிலேயே சாரைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், நீங்க திட்டினது எங்கப்பாவ!”

“நான் எப்ப உங்கப்பாவ திட்டினேன்?”

“கடைசி பெஞ்ச்னு சொன்னீங்கள்ல? அவருதான் அப்ப பேசிட்டு இருந்தாரு. கம்முனு ஆயிட்டாரு. பீடியக்கூட அணைச்சிட்டாரு. எங்கம்மா சிரிச்சி சிரிச்சி புளிய கொட்டிட்டாங்க.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். அவர் சிரித்து அந்த வகுப்பு அதுவரை பார்த்ததில்லை என்று பின்னால் சொன்னார்கள். பிள்ளைகள் கொண்டுவந்த கேள்விகளில் பாதி, என் அம்மா கேட்டதேதான். கூலியை ஆள் கணக்கில் பிரிப்பதா, வேலைக் கணக்கில் பிரிப்பதா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சார் அதை வைத்தே விகிதத்தை முடித்தார்.

பிறகு கணக்குகள். பலகைப் பக்கம் நிற்க வேலையில்லாததால் சார் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் அருகே நின்றவர் அப்படியே குனிந்தார். ஒரு பங்கு எவ்வளவு என்று பார்க்க அவள் 618-ஐ 6-ஆல் வகுத்துக்கொண்டிருந்தாள். விடை 13 என்று எழுதினாள்.

“இரு. மெதுவா, எனக்கு சொல்லிக்கிட்டே போடு.”

“ஆறுல ஆறு ஒரு வாட்டி போவுது சார். ஒண்ணுல ஆறு போவாது. அத வுட்டுட்டு பதினெட்டுக்கு போனேன். மூணு வாட்டி.”

“போவாதுன்னா வுட்டுடக் கூடாது. அங்க ஒரு பூஜ்யம் வெக்கணும்.”

அவள் பூஜ்யத்தை வைத்தாள். நூற்று மூன்று. தன் விடையைத் தானே இரண்டு முறை வாசித்தாள். அடுத்த கணக்கை யாரும் சொல்லாமலே போட ஆரம்பித்தாள்.

மத்தியானம் சாப்பிடும்போது சார் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுப் பேசினார். “இவ நோட்டுல எத்தினி தடவ சிவப்பு மையில சுழிச்சிருப்பேன். எங்க தப்பு பண்றான்னு இன்னிக்குத்தாம்மா பாத்தேன். ஒரு பூஜ்யம். அத வூட்டுல யாரு அவளுக்கு சொல்லியிருப்பாங்க?”

கூட்டத்தில் என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர் கேட்டார். இந்த முறை தன்னிடம் கேட்டார்.

புளி முடியும்வரை சார் வாரத்துக்கு ஒரு பாடம் பதிவு செய்தார். ஒவ்வொன்றிலும் எங்காவது ஒரு இடத்தில் கடைசி பெஞ்சைத் திட்டினார். பிள்ளைகள் அது இல்லாமல் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண் ஒரு நாள் மட்டும் வரவில்லை. அன்று நிஜமாகவே காய்ச்சல். அவள் அம்மா ஆள் அனுப்பிச் சொன்னார், பாடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். புளி முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அவள் முதல் வரிசையில் இருக்கிறாள்.

இப்போது ஆலங்காயத்தில் இன்னும் பெரிய கூட்டம். மலையடிவாரத்துப் பள்ளிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வருகிறார்கள். மறுபடி என்னைப் பேசச் சொன்னார்கள். இந்த முறை ப்ரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா புளி தட்டிய வாசலில் உட்கார்ந்து எட்டு நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அதில் சொன்னேன்: என் நோட்டு, என் வயிற்று வலி, அம்மாவின் கேள்வி. நடுவில் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று கத்துகிறது. அதை எடுக்கத் தெரிந்தும் எடுக்கவில்லை. கடைசியில் கேட்டுக்கொண்டேன்: இதை வீட்டில் கேளுங்கள், வீட்டில் ஒருவரின் கேள்வியோடு வாருங்கள், மற்றதைக் கூட்டத்தில் சேர்ந்து செய்வோம்.

நேற்றுக் காலை பள்ளிக்குப் போகும் வழியில், டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி, எல்லா ஆசிரியர்களுக்கும் அதை அனுப்பினேன். முதலில் சாருக்கு.