பறக்காத ஓடத்தின் கதவு

போன கிழமை கீழ்வீட்டில் புதுத் தரைவிரிப்பு ஒட்டினார்கள். அந்தப் பசை மணம் படிக்கட்டால் ஏறி எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம், நான் வீட்டுச் செருப்போடு தெருவில் நின்றேன். ஐரோப்பாவின் வின்டர்தூர் நகரத்து மாசிக் குளிர். மனைவி யன்னலால் எட்டிப் பார்த்து, "என்னப்பா, வீடு எரியுதோ?" என்றாள். அறுபது தாண்டியவன் பசைக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று எப்படிச் சொல்வது?

உங்களுக்குச் சொல்லலாம். எண்பதுகளின் கடைசியில் அகதியாக இந்த ஊருக்கு வந்து, ஒரு பட்டறையில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய நாடுகள் கூடி ஹெர்மீஸ் என்றொரு விண்ணோடம் கட்டப் புறப்பட்டிருந்த காலம். ராக்கெட்டின் தலையில் ஏறிப் போய், விமானம் போல இறங்கி, மறுபடியும் போகுமாம். அமெரிக்க ஓடம் ஆகாயத்தில் வெடித்து ஏழு பேர் போனதை உலகமே பார்த்திருந்தது. அதனால் எங்கள் ஓடத்தில் ஆட்கள் தப்பி வருவதற்கு வழி வேண்டும் என்பதே பெரிய கவலை. அதைப் பரிசோதிக்க எங்கள் பட்டறை ஒட்டுப்பலகையால் ஒரு மாதிரி அறை செய்தது. 'எங்கள் ஓடம்' என்கிறேன் பாருங்கள். நான் அதன் தூசியைத்தான் துடைத்தேன்.

ஒரு காலை, பொறியாளர் ஊர்ஸ் ஜெர்மனில் ஏதோ கேட்டார். "யா" என்றேன். அப்போது எல்லாவற்றுக்கும் யாதான். மாட்டேன் என்று நைன் சொன்னால் வேலை போகும், வேலை போனால் ஊருக்குத் திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்று நானாகவே ஒரு பயத்தை வளர்த்து வைத்திருந்தேன். தடித்த உடுப்பையும் தலைக்கவசத்தையும் மாட்டிய பிறகுதான், கடைசல் இயந்திரத்தில் நின்ற மகேந்திரன் அண்ணை விளக்கம் சொன்னார்:

"நீதான் சின்ன ஆளாம். உள்ள புகை விடுவினம். கதவைத் திறந்து வெளியில வரோணும். அவ்வளவுதான்."

அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்ததே அதிசயம்.

நான் ஏறியதும் கதவைச் சாத்தினார்கள். உள்ளே காயாத பசை மணம். பிறகு புகை. கைப்பிடியை இழுத்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன், அசையவில்லை. ஊரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்கிய பங்கர் ஒருநாள் இடிந்து, வாய்க்குள் மண் நிறைந்தது நினைவுக்கு வந்தது. நினைவென்ன, அங்கேயே போய்விட்டேன். படித்த ஜெர்மன் எல்லாம் பறந்துபோக, "அம்மா!" என்று கத்தினேன்.

பலகைக்கு அப்பால் மகேந்திரன் அண்ணையின் குரல் கேட்டது.

"தம்பி, என்னோட கதை."

"அண்ணை, மூச்சு வரேல்லை!"

"கதைக்கிறாய்தானே, அப்ப வருது. காலமை என்ன சாப்பிட்டனீ?"

"பாண்."

"பாணோட?"

"ஒண்டுமில்லை."

"வெறும் பாணோ? பட்டர் கூடப் பூசேல்லையோ?"

நாள் முழுக்க வாயே திறக்காத மனிதர், பட்டரிலிருந்து தேத்தண்ணிக்கும் தேத்தண்ணியிலிருந்து சீனிக்கும் போய்க்கொண்டிருந்தார். இடையில் அலவாங்கின் இரும்பு முனை பலகையில் இறங்கும் சத்தம். பலகை பிளந்து வெளிச்சம் வந்தபோது, என்னைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்ட பிறகும் அவரால் சீனிக் கதையை நிறுத்த முடியவில்லை.

மத்தியானம் கதவைத் திருத்திவிட்டு ஊர்ஸ் திரும்ப வந்தார். இந்த முறை என்ன கேட்கிறார் என்று விளங்கியது.

"நைன்" என்றேன்.

இந்த நாட்டில் நான் சொன்ன முதல் நைன். வாசலைக் காட்டப்போகிறார் என்று நின்றேன். அவரோ "குட்" என்று சொல்லிவிட்டு, தன் நீட்டுக் கால்களை மடக்கிக்கொண்டு தானே உள்ளே ஏறினார். அவருக்குக் கதவு உடனே திறந்தது.

செலவு ஏற ஏற நாடுகளுக்குள் இழுபறிப்பட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த அறையை அரிந்து லொறியில் ஏற்றினார்கள். பிறகு பட்டறையும் மூடியாயிற்று. இப்போது அங்கே இளம் பிள்ளைகள் கயிறு கட்டிச் சுவர் ஏறுகிறார்கள். மகேந்திரன் அண்ணை கனடா போய், அங்கேயே ஒரு பனிக்காலத்தில் காலமானார்.

ஹெர்மீஸ் ஒருநாளும் பறக்கவில்லை. அதன் கதவு திறக்காவிட்டால் உள்ளே எப்படியிருக்கும், வெளியே எப்படியிருக்கும் என்று அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். இப்போது ஒருவன்.