அப்பாவின் பங்குக் காற்று

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குக் கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வரை எந்தப் பஞ்சர் கடையில் வேண்டுமானாலும் பாருங்கள், என் பட்டறைக் கம்ப்ரசர்தான் காற்றடித்துக்கொண்டிருக்கும். காற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எடுத்த ஒரே பாடம்தான் என்னைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிங்காநல்லூரில் ஒற்றை அறை லைன் வீடு. மில்லில் பஞ்சுப் பொதியை உடைத்து உதறும் வேலை அப்பாவுக்கு. மூச்சிழுப்பு வந்து படுத்துவிட்டார். அம்மா மட்டும் மில்லுக்குப் போனார். பள்ளி விட்டு வந்தால் அப்பாவும் நானும்தான்.

அந்த வாரம் வாத்தியார் சொன்னார்: நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜனை உடம்பு எடுத்துக்கொண்டு கெட்ட காற்றை வெளியே விடுகிறது, அடைத்த அறையில் ஆள் சேரச் சேர நல்ல காற்று குறையும். நான் அப்போதே கணக்கில் புலி. எங்கள் வீட்டில் சின்னதாய் ஒரு சன்னல், மூச்சிழுப்பது இரண்டு பேர். அப்பாவின் பங்கைத் தின்பது நான்தான் என்று புரிந்துபோயிற்று.

அன்றிலிருந்து நான் வாசலோடு சரி. வீட்டுப்பாடம் துவைக்கிற கல்லின் மேல், படுக்கை வெளியே. லைன் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டால் போக மாட்டேன். அப்பா தண்ணீர் கேட்டால் காதில் விழ வேண்டுமே. கேட்டால், வாசலிலேயே மூச்சை நிறைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு உள்ளே ஓடி, செம்பை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

“உங்க மகனுக்கு ராங்கி ஏறிப்போச்சுங்க. ஊட்டுக்குள்ள காலே வெக்க மாட்டேங்கறான்” என்றார் அம்மா. அப்பா சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

ஒரு நாள் காப்பியை வைத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங் கண்ணு, அப்பன் மேல நாத்தமடிக்குதா? செத்த நேரம் உக்காரு சாமி.”

வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். அடுத்து இழுப்பது அவருடையதாகிவிடும். விழித்தபடி நின்று, கையை உருவிக்கொண்டு ஓடினேன்.

அந்த மார்கழியை அவர் தாண்டவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். பஞ்சுத் தூசி அப்பாவின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டதாம். நெஞ்சுக்குள் காற்று நிறையாமல் ரத்தத்துக்கு ஆக்சிஜன் போதவில்லையாம். அறையில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்தில் நான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஒரு மூச்சுகூடக் குறைந்திருக்காது.

மகன் முகம் சுளித்து ஓடுவதாக அவர் நினைத்திருப்பார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நன்றாக இழுங்கப்பா என்று மனதுக்குள் சொல்லியபடி, வாசலில் உட்கார்ந்து பெருமையோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.