செங்களநாட்டு ராஜாவின் மீசை

எங்கள் ஊரை ஒரு காலத்தில் ஆண்ட மன்னனுக்கு என் முகம்தான். சொன்னால் புகுந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஊர்த் திருவிழாவில் எடுத்த படத்தைப் போனில் காட்டினால் முதலில் கிரீடத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் முறுக்கிய மீசையைப் பார்க்கிறார்கள், அதற்கப்புறம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மீசையும் கிரீடமும் போக மிச்சம் இருப்பது என் கண்ணும் மூக்கும்தான். அதிலும் மூக்கை மாமா கொஞ்சம் கூராக்கிவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் நடக்கும். மாப்பிள்ளைக்கும் இறந்துபோனவருக்கும் ஒரே கோட்டைத்தான் மாட்டிவிடுவார், டையின் நிறம் மட்டும் மாறும். யாரும் குறை சொன்னதில்லை. கோட்டு போட்டு ஒரு படம் வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது, உயிரோடு இருக்கும்போது சிலருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ராஜ்ஜியத்தை உண்டாக்கியது மாமா இல்லை. நானும் செல்வியும்தான்.

செல்வி தெற்குத்தெருப் பிள்ளை. என் வகுப்புதான். அவள் அம்மா எங்கள் கொல்லையில் மிளகாய் பறிக்க வருவார். கோடை லீவில் எங்கள் வீட்டை ஒட்டிய களத்தில் குண்டு மிளகாய்ப் பழத்தைக் கொட்டிக் காயப்போட்டிருப்பார்கள். கோழியும் ஆடும் அண்டாமல் பார்த்துக்கொள்வது எங்கள் இரண்டு பேருக்கும் இட்ட வேலை. களம் முழுக்கச் சிவப்பாய்க் கிடக்கும். அதனால் நாட்டின் பெயர் செங்களநாடு. ஒரு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டவே கண்மாயில் ஊற்றுத் தோண்ட வேண்டிய ஊரில் நாங்கள் ஆயிரம் யானைகளைக் கட்டிப் போட்டிருந்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து ராமேஸ்வரம் கூட்டிப்போய் வந்த பிறகு ஒரு கப்பற்படையும் சேர்ந்தது. பாம்பன் பாலம் தூக்கி வழிவிட்டால்தான் எங்கள் கப்பல்கள் போக முடியும். ராஜா காலத்தில் அந்தப் பாலம் இருந்திருக்காது என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

செங்களநாட்டை வாள்குடிகள் ஆண்டார்கள். சண்டைக்கென்றே பிறந்த கூட்டம், நாட்டில் மற்றவர்கள் எல்லாம் அவர்களுக்குக் கீழே. யார் வேண்டுமானாலும் வாள்குடி ஆகலாம், ஆனால் ஒரு சோதனை உண்டு. டவுன் பஸ் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் தலை காட்டியதும் ஒரு பழத்தை எடுத்து விதையோடு கடித்து மெல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்கும்வரை தண்ணீர் கேட்கக்கூடாது, கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. செல்வி கல்லுப்போல நிற்பாள். நான் பஸ் புளியமரம் தாண்டுவதற்குள் அழுதுகொண்டு குடத்துக்கு ஓடிவிடுவேன். ஆனாலும் கதை விடுவதில் நான் கெட்டிக்காரி என்பதால் அவள் எனக்கு மந்திரி பதவி கொடுத்து வாள்குடியில் சேர்த்துக்கொண்டாள். ராஜா அவள்தான். பெயர் செல்வப் பெருவழுதி. வழுதி பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்தது, செல்வம் அவளுடைய சொந்தம். ராஜா அடிக்கடி மாறுவேடத்தில் தெருவைச் சுற்றிவருவார். அப்போது யாராவது கண்டுபிடித்துக் கேட்டால், "நான் ராசா இல்ல" என்று முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது செல்வி நடிக்கிற நடிப்பு இருக்கிறதே, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அப்படி ஒரு சிநேகிதி எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

அந்த வருடம் முளைப்பாரித் திருவிழாவுக்கு முன்னால் எங்கள் தெருவில் ஒரு கவலை வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள் முன்னோர் ஒருவரை யானைமேல் ஏற்றி, பஸ் நிறுத்தத்தை மறைக்கிற அளவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். எங்கள் இளவட்டங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவிடம் வந்து, அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும் என்றார்கள். பெரிதாக அடிக்க மாமாவால் முடியும். ஆனால் யாரைப் போடுவது? எங்கள் தெருவில் யாருக்கும் தாத்தாவுக்கு அப்பன் பெயர்கூடத் தெரியாது.

மாமா இதையே யோசித்துக்கொண்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து செங்களநாட்டின் கடற்போரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கமாக யாரும் காது கொடுக்காத கதை. மாமா கையிலிருந்த உருண்டையை இலையில் வைத்துவிட்டு, "ஆத்தா, அந்த நாட்டுப் பேரு என்னன்னு சொன்ன?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் திருவிழாதான். மறுநாளே மாமா என்னை வண்டியில் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப் போனார். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். கொடியில் என்ன? இரண்டு குண்டு மிளகாய். அதை மாமா இரண்டு தீப்பந்தமாக்கினார். குதிரையின் பெயர்? மின்னல். பாம்பன் பாலத்தை எடுத்துவிட்டு, 'கடல் கடந்து வென்ற' என்று போட்டார். பின்னால் ஒரு கோட்டை வேண்டும் என்றேன். எங்கிருந்தோ ஒரு மலைக்கோட்டையை இறக்கினார். எங்கள் பக்கம் மலை என்றால் கண்மாய்க்கரை மேடுதான், அதனால் கோட்டையின் அடிவாரத்தில் ரெண்டு சீமைக்கருவேலத்தை நட்டுவைத்தார். உடனே எங்கள் ஊர்ச் சாயல் வந்துவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வாள்குடின்னா யாரு?" என்று கேட்டார். மிளகாய்ச் சோதனையைச் சொன்னேன்.

"அடிப் போத்தா. அதெல்லாம் பொறப்புல வரணும்."

"பொறக்கும்போதே மொளகா திம்பாகளா மாமா?"

மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ராஜாவின் முகத்துக்குத்தான் திண்டாட்டம். ஊரில் எந்தப் பெரிய மனிதர் முகத்தை வைத்தாலும் அடுத்தவர் கோபித்துக்கொண்டு திருவிழா வரியை நிறுத்திவிடுவார். சினிமாக்காரர் முகம் என்றால் பக்கத்து ஊரான் கைகொட்டிச் சிரிப்பான். கடைசியில் மாமா என்னைப் பச்சைத்துணிக்கு முன்னால் நிற்கவைத்து, முறைக்கச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்தார். சின்னப்பிள்ளை முகத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாதாம். மீசையை ஒட்டியபோது நான் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

பெயர் போடும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. "மாமா, மூஞ்சி என்னோடது. ஆனா ராசா செல்விதான?"

"எந்தச் செல்வி?"

"தெற்குத்தெரு செல்வி. அதான பேருலயே இருக்கு."

மாமா எழுந்து கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "பேரு கம்பீரமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஆத்தா, இந்தச் செல்வி சமாச்சாரத்த யாருட்டயும் மூச்சு விடக்கூடாது. என்ன?"

பிறந்தநாள் பரிசைக் கடைசிவரை மறைத்து வைப்பதுபோல ஏதோ என்று எனக்கு விளங்கியது. அவ்வளவு பெரிய சந்தோஷத்தைச் செல்வியிடம் எப்படி மறைப்பது? அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அவள் களத்தைச் சுற்றி ஓடினாள், நானும் ஓடினேன். அந்த நேரம் பார்த்து இரண்டு ஆடுகள் வந்து செங்களநாட்டில் பாதியைத் தின்றுவிட்டன.

ஃப்ளெக்ஸைத் தூக்கி நிறுத்திய அன்று கொட்டும் வேட்டும் ஊரைப் பிளந்தன. பக்கத்து ஊர் யானை எங்கள் குதிரையின் வயிற்றளவுக்குத்தான் வரும். 'செங்களநாடு ஆண்ட செல்வப் பெருவழுதி. வாள்குடி வம்சமடா' என்று எழுத்து தகதகத்தது. கீழே வரிசையாக எங்கள் தெரு இளவட்டங்களின் முகங்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி. யாரோ தேங்காய் உடைத்தார்கள். எங்கள் பெரியப்பா ஒருவர், இந்த ராஜாவைப் பற்றித் தன் தாத்தா சொல்லக் கேட்டதாகவும், கோட்டை இருந்த இடம் கண்மாய் மடைக்கு வடக்கே என்றும் கண் கலங்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் இன்னும் சிலருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒருவர் மின்னல் என்ற குதிரையின் லாடத்தைச் சின்ன வயதில் பார்த்திருந்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று, நாங்கள் உண்டாக்கிய ராஜா நிஜமாகவே இருந்திருக்கிறாரே என்று மலைத்துப் போனேன். என்னைப் பெற்ற அய்யா மட்டும் ஃப்ளெக்ஸைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். ஆனால் கும்பிடு போட மறக்கவில்லை.

ரோட்டுக்கு அந்தப்பக்கம், பஸ் நிறுத்தத்தில் செல்வி நின்றாள். தெற்குத்தெருப் பிள்ளைகள் சிலர் கூட நின்றார்கள். அவள் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் குதித்தாள். நான் கையசைத்தேன், அவளும் வாளை உருவுவதுபோலக் கையசைத்தாள். அப்புறம் அந்தப் பிள்ளைகள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "ராசா வாராரு, ராசா வாராரு" என்று கத்திக்கொண்டே தெற்குத்தெருப் பக்கம் ஓடினார்கள். அந்தச் சத்தம் கொட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கூட ஓட முடியவில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. இளவட்டங்களில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "யாருலே அது ராசா?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று பார்த்தேன், அதற்குள் மாமா என் கையைப் பிடித்துச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்ததும் செல்வியின் அம்மா களத்துக்கு வந்தார். வேலைக்கு வரும் நேரம் இல்லை. செல்வியைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். களத்து ஓரத்திலேயே நின்றுகொண்டார். மாமாவும் அம்மாவும் வெளியே வந்தார்கள்.

"ஐயா, எம்புள்ள ராசா கீசான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுருச்சு. வெவரம் தெரியாத புள்ள. மனசுல வச்சுக்கிறாதீக. யாரும் கேட்டா நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

மாமா தெருப்பக்கம் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். மெதுவாகப் பேசினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அவதான ராசா. மாமாட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே" என்றேன்.

அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினாள். செல்வியின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் உலுக்கினார். "சொல்லு. ராசா இல்லேன்னு அவுககிட்டச் சொல்லு."

செல்வி என்னைப் பார்த்தாள். சட்டென்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. மாறுவேடம். பெரியவர்களே வந்து விசாரிக்கிற மாறுவேடம். இதுவரை நாங்கள் இவ்வளவு நன்றாக விளையாடியதே இல்லை. அம்மாவின் கைக்குள்ளிருந்து நான் வேகவேகமாகத் தலையாட்டினேன், சொல்லு சொல்லு என்று.

"நான் ராசா இல்ல" என்றாள் செல்வி.

அந்தக் குரலில் நடிப்பே தெரியவில்லை. நான் அசந்துபோனேன்.

செல்வியின் அம்மா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். செல்வி நகரவில்லை. கண்மாய்க்கரைத் திருப்பத்தில் சாயங்கால பஸ் தலை காட்டியது. அவள் குனிந்து களத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். இருப்பதிலேயே பெரிய பழம். என்னைப் பார்த்துக்கொண்டே விதையோடு கடித்து மென்றாள். பஸ் புளியமரம்கூடத் தாண்டவில்லை, அதற்குள் அவள் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. ஒரு கோடை முழுக்க எத்தனையோ பழம் கடித்தவள், அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதாள்.

அந்தப் பழம் அவ்வளவு காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எத்தனை நாள் நான் மட்டும் தோற்றிருக்கிறேன். அம்மாவின் கையை உதறிவிட்டுக் களத்தில் குதித்துக் கைதட்டினேன்.

"அழுதுட்ட, அழுதுட்ட. இனிமே நான்தான் ராசா."