தேங்காய் எண்ணெய் குடித்த றைபிள்

என் மனைவி சபீஹாவிடம் ஒரு பொருளை நீட்டி "இது எப்படி?" என்று கேட்பவர்கள், பதிலைத் தாங்கும் மனத்தோடு வரவேண்டும். சொல்லிவிடுவாள். பெண் பார்க்கப் போன அன்று என் உம்மா பெருமையோடு செய்து கொண்டுபோன வட்டலப்பத்தை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "மாமி, ஏலக்காய் கூடிப்போச்சு" என்றவள் அவள். எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். உம்மாவோ வீட்டுக்கு வந்ததும், "பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, யோசிக்காமல் கட்டு" என்றார். கட்டினேன். அதன் பிறகு எங்கள் வீட்டு வட்டலப்பத்தில் ஏலக்காய் கூடியதே இல்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வங்கியில் அவளுக்கு வேலை. சனி, ஞாயிறுகளில் துவக்குச் சுடுவாள். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது காற்றழுத்தத்தால் சுடும் விளையாட்டு றைபிள். அனுமதிப்பத்திரம் இருக்கிறது. பத்து மீற்றர் தூரத்தில் மாட்டிய காகிதத்தைத் தவிர வேறு எதையும் அது துளைத்ததில்லை.

அவள் பிறந்தது சோனகத்தெருவில். தொண்ணூறாம் ஆண்டு எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது தாயின் இடுப்பில் இருந்தபடி போனவள், வளர்ந்தது புத்தளத்து அகதி முகாமில். வங்கி வேலை கிடைத்துக் கொழும்பில் இருந்த காலத்தில் ஒரு சிநேகிதியோடு பொழுதுபோக்காகக் குறிசுடும் கழகத்துக்குப் போனாள். சிநேகிதி இரண்டாம் வாரமே நின்றுவிட்டாள். இவள் இன்னும் நிற்கவில்லை. நான் ஊருக்குத் திரும்பி வாப்பாவின் பழைய இரும்பு வாங்கி விற்கும் கடையை மறுபடி திறந்தபோது, இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு றைபிளும் கையுமாக அவளும் வந்து சேர்ந்தாள்.

எங்கள் கழகம் அச்சுவேலியில், முன்பு சவர்க்காரம் செய்த ஒரு நீளக் கொட்டகையில் நடக்கிறது. மழைக்காலத்தில் சுவர்கள் இன்னமும் சவர்க்காரம் மணக்கும். அங்கே புது றைபிள் வாங்க வசதியுள்ளவர்கள் குறைவு. இருப்பதைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். மாற்றுவதற்கு முன் சபீஹாவைக் கூப்பிடுவார்கள்.

அவள் வெளியழகைப் பார்க்கமாட்டாள். மரப்பிடி மினுங்கினால் அவளுக்குச் சந்தேகம்தான் கூடும். முதலில் குழலின் வாயைப் பஞ்சுக்குச்சியால் சுற்றித் தடவுவாள். பஞ்சின் ஒரு நூல் மாட்டினாலும் அங்கே பிசிறு இருக்கிறது என்று பொருள். சன்னம் என்கிற ஈயக்குண்டு வெளியேறும் கடைசி இடத்தில் பிசிறு இருந்தால் அது நேரே போகாது. பிறகு மணல்மூட்டையில் றைபிளைக் கிடத்தி, விசையை மெல்ல இழுத்து, எந்த இடத்தில் விடுகிறது என்று விரலால் அறிந்துகொள்வாள். அதன் பிறகு எதையும் திருத்தாமல் ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து சன்னம் சுடுவாள். நடுப்புள்ளியில் படவேண்டும் என்று அவளுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. தாளின் ஒரு மூலையில் பட்டாலும் ஐந்தும் கூடிப் படவேண்டும். கூடிப் பட்டால், பார்வைத் துளையைத் திருகி நடுவுக்குக் கொண்டுவரலாம். ஒன்று நடுவில், ஒன்று கரையில் என்று சிதறினால் கோளாறு உள்ளே இருக்கிறது. நடுவில் பட்ட ஒன்றை மட்டும் காட்டிப் பீற்றிக்கொள்ளும் ஆட்களைக் கண்டால் அவளால் சிரிப்பை அடக்க முடியாது.

கழகத்தில் ஒரு வழக்கமும் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம்முடைய றைபிளின் குறையைத் தம் வாயாலேயே சொல்லவேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் மற்றவருடையதைத் தொடலாம்.

இவ்வளவு பேருக்குத் தரம் பார்த்துக் கொடுக்கும் சபீஹாவிடம் இருந்தது ஒரு சாதாரண றைபிள். நல்ல குணம், ஆனால் அவ்வளவுதான். மாகாணப் போட்டியில் அவளை மூன்றாம், நான்காம் இடம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நின்றுவிடும். தேசியப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான் போகலாம். கொழும்பில் இருந்தபோது ஒருநாள் யாரோ ஒருவருடைய பழைய ஜேர்மன் றைபிளால் சுட்டுப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்த வகைமேல் ஆசை. நகைக்கடைப் பக்கம் திரும்பியும் பார்க்காதவள், கைபேசியில் அதன் படத்தைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியை ஆறவிடுவாள். எங்கள் இருவர் உழைப்பிலும் அது கைக்கு எட்டாத சாமான்.

அந்த வகை றைபிள் யாழ்ப்பாணத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. பருத்தித்துறைத் தம்பிராசா அண்ணையிடம். கப்பலில் எஞ்சினியராக உலகம் சுற்றி ஓய்வுபெற்றவர். குரல் இன்னமும் எஞ்சின் அறையில் நிற்பவருடையது போலத்தான் இருக்கும். ஏனோ அந்த றைபிள் கொஞ்சக் காலமாகச் சரியாகச் சுடவில்லை. அதன் கனத்தால் அவருக்குத் தோள்மூட்டும் நொந்தது. "தங்கச்சி, உங்கடையை எனக்குத் தந்துபோட்டு இதை எடுங்கோவன், கைக்குக் கை" என்று அவரே ஒருநாள் கேட்டார். வருகிற சனிக்கிழமை பார்ப்போம் என்றாள் சபீஹா. அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுப் புட்டில் உப்பில்லை.

வழக்கப்படி சபீஹா முதலில் சொன்னாள். "என்ரையிலை வெயில் நேரத்திலை விசை கொஞ்சம் இறுகும். பிடியின்ரை அடியிலை, றப்பருக்குள்ளை, மெல்லிய வெடிப்பு ஒண்டும் இருக்கு."

"இதின்ரை குறை கனமும் வயசும்தான்" என்றார் தம்பிராசா அண்ணை. "பராமரிப்பிலை ஒருத்தரும் குறை சொல்லேலாது. உப்புக்காத்து இரும்பைத் திண்டுபோடும் கண்டியளோ. மாதம் தவறாமல் உள்ளுக்கு நல்லாத் தேங்காய் எண்ணெய் விடுறனான். சுத்தமான செக்கெண்ணெய்."

அவரைக் குறைசொல்ல முடியாது. பருத்தித்துறையில் கடலைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் பூட்டு, சைக்கிள், தையல் மெசின், கேற்றுப் பிணைச்சல் என்று இரும்பென்று இருக்கும் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடுவார்கள். விடாவிட்டால் அடுத்த மாரிக்குள் பிணைச்சல் கையோடு வந்துவிடும்.

சபீஹா பஞ்சுக்குச்சியால் குழல்வாயைத் தடவினாள். ஒரு நூலும் மாட்டவில்லை. விசையை இழுத்துப் பார்த்தாள். முகத்தில் ஆசை தெரியக்கூடாது என்று அவள் பாடுபடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு சுட்டாள். சத்தம் வழக்கத்தைவிடப் படாரென்று கேட்டது. குழல்வாயில் மெல்லிய நீலப்புகை. தாளில் சன்னங்கள் ஆளுக்கொரு திசையில் கிடந்தன. கொட்டகை முழுவதும் வடைச்சட்டி மணந்தது.

அவள் குனிந்து குழலை மணந்து பார்த்தாள். அந்த முகம் எனக்குப் பழக்கமானது. பிடித்துவிட்டாள். வடை மணத்தை நானும் பிடித்திருந்தேன். இரும்பு யாபாரி என்ற முறையில் அதற்குள் இருந்த இலாபம்தான் எனக்கு முதலில் மணந்தது. ஒன்றும் தேயவில்லை, எண்ணெய்தான் குற்றம். வாயை மூடிக்கொண்டு மாற்றினால், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினால், அவள் இவ்வளவு காலம் ஆசைப்பட்டது அவள் கையில். கண்ணால் அவளுக்குச் சைகை காட்டினேன்.

"சிதறுது, பாத்தியளோ" என்றார் தம்பிராசா அண்ணை. "குழல் தேஞ்சுபோச்சுப் போலை. என்னைப் பாவமெண்டு நினைச்சு எடுக்காதையுங்கோ, தங்கச்சி."

சபீஹா றைபிளைக் கீழே வைத்தாள். "குழல் தேயேல்லை அண்ணை. உங்கடை எண்ணெய்தான் பிழை. கழுவினால் இந்தக் கழகத்திலை இருக்கிற எல்லாத்தையும்விட இது நல்லாச் சுடும்."

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. வெளியே போகத் திரும்பினேன். அப்போது தம்பிராசா அண்ணை முகம் கறுத்து, "எண்ணெயாலை ஒரு இரும்பும் கெட்டதா நான் கேள்விப்படேல்லை. என்ரை சாமான் பிடிக்கேல்லையெண்டால் நேரே சொல்லுங்கோ. ஏன் சுத்தி வளைக்கிறியள்?" என்று கேட்டார். மனுசனுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது.

எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது. அவளுக்குப் பக்கத்தில் போய், "சொல்லிப்போட்டாய்தானே. நம்பாட்டில் அது அவரின்ரை பாடு. மாத்திக்கொண்டு வா, போவம்" என்று காதுக்குள் சொன்னேன்.

"நம்பாத ஆளுக்குச் சொன்னது சொன்ன கணக்கில்லை" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணை, கப்பல் எஞ்சினிலை பெற்றோல் எஞ்சின் மாதிரி நெருப்புப்பொறி குடுக்கிற பிளக் இருக்கோ?"

"டீசலுக்கு ஏன் பிளக்? காத்தை நெரிச்சால் சூடு வரும். அந்தச் சூட்டிலை எண்ணெய் தானாப் பத்தி…"

அவர் திரும்பி றைபிளைப் பார்த்தார். இன்னும் கலையாத புகையைப் பார்த்தார். அதற்குள்ளும் ஒரு பிஸ்டன் காற்றை நெரித்துத்தான் சன்னத்தைத் தள்ளுகிறது. அவர் மாதாமாதம் ஊற்றிய எண்ணெய் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒவ்வொரு விதமாகப் பற்றி, ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் தள்ளியிருக்கிறது.

"ஐயோ தங்கச்சி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சீவியம் முழுக்க டீசல் எஞ்சினோடை கிடந்தவன் நான். வீட்டிலையும் ஒண்டை வைச்சு வளத்திருக்கிறன், தெரியேல்லை!"

அதன் பிறகு அவர் கையை யாரும் பிடிக்க முடியவில்லை. பின்னேரம் வரை இருவருமாக அதைக் கழற்றினார்கள். உள்ளே அடுப்புக்கரி போலக் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஸ்பிரிற்றால் கழுவித் துடைத்து உலரவிட்டுத் திரும்பப் பூட்டினார்கள். நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய. சபீஹா முதல் சில சன்னங்களைச் சும்மா சுட்டுவிட்டு, புதுத்தாள் மாட்டி ஐந்து சுட்டாள். போய்ப் பார்த்தால் தாளில் ஒரே ஒரு ஓட்டை. புளியங்கொட்டை அளவுகூட இல்லை.

அந்த றைபிளைத் தோளிலிருந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கன்னத்தை மரப்பிடியில் வைத்தபடியே இருந்தாள். பிறகு எடுத்து அவரிடம் நீட்டினாள்.

தம்பிராசா அண்ணை தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். குழந்தையை வாங்குவதுபோல றைபிளை வாங்கினார். "தங்கச்சி, இனி இதைக் குடுக்க மனம் வருதில்லை. கோவிக்கிறியளோ?"

"இல்லை அண்ணை."

அவர் போய்விட்டார். தாளையும் கொண்டுபோய்விட்டார். அதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

மோட்டார் சைக்கிளில் கோப்பாய் வரும்வரைக்கும் நான் வாய் ஓயவில்லை. பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நிறுத்தினேன்.

"ஏன் அழுறாய்? நீதானே தூக்கிக் குடுத்தனீ!"

"ஆசையா இருந்தது. அழாமல் என்ன செய்ய?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முகாமிலை இருக்கேக்கை வாப்பா தன்ரை கைமணிக்கூட்டை ஒருத்தரிட்டை விக்கக் கொண்டுபோனவர். அந்தாள் காதிலை வைச்சுப் பாத்துப்போட்டு, 'இது இனி ஓடாது, சும்மா இரும்பு' எண்டு சொல்லித்தான் எடுத்தவர். அடுத்த பெருநாளுக்கு அது அவரின்ரை கையிலை ஓடிக்கொண்டிருந்தது. நானும் கண்டனான், வாப்பாவும் கண்டவர். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தாலை நடந்தவர்."

இத்தனை வருடத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. டவுனுக்கு வந்ததும் ஐஸ்கிறீம் கடையில் நிறுத்தினேன். தன்னுடையதையும் தின்று என்னுடையதில் பாதியையும் தின்றாள். "என்ன சுடுகை, நீங்கள் பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தாள். கழுவியது தான்தான், சுட்டதும் தான்தான் என்ற சந்தோசம் அவளுக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

திங்கட்கிழமை ஒருவர் ஓட்டோவில் பழைய நீரிறைக்கும் மெசின் ஒன்றை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். தகப்பன் காலமான பிறகு கொட்டிலில் கிடந்ததாம். "ஓடாது. நிறைக்கு எடுங்கோ" என்றார். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே நெரிப்பு உயிரோடு இருந்தது. இங்கிலீசுச் சாமான். நாளைக்கே தோட்டக்காரர் அடிபட்டு வாங்குவார்கள். கொண்டுவருபவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருப்பதில்தான் எங்கள் கடையின் அடுப்பு எரிகிறது. இதற்காக நான் ஒருநாளும் நித்திரை முழித்தவன் அல்ல.

"சும்மா இரும்பு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"அண்ணை, இது ஓடுற மெசின். ஒரு றப்பர் வாசர்தான் போயிருக்கு. வீட்டை கொண்டுபோங்கோ."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஏன், வேறை ஏதும் குளறுபடியோ?" இரும்புக்கடைக்காரன் இப்படிச் சொன்னால் யார்தான் நம்புவார்கள். கடையை மறந்து நிலத்தில் குந்தியிருந்து, வாசர் வெட்டிப் போட்டு, எண்ணெய் ஊற்றி அதை ஓடவிட்டுக் காட்டவேண்டியதாகிவிட்டது. மெசின் படபடவென்று ஓடியதும் அந்த மனுசன் அழுதுவிட்டார். தகப்பனுடைய சத்தமாம். மறுபடி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கையைக்கூடக் கழுவாமல் வங்கிக்கு அழைத்து, "உன்னாலை என்ரை யாபாரம் நாசமாப் போகுது!" என்று கத்தினேன். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் அவள் வெகுநேரம் சிரித்தாள். வாடிக்கையாளர் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ.

"மெசின் எப்பிடி ஓடினது?" என்று கேட்டாள்.

"அருமையா ஓடினது" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் ஒரு பெருமை இருந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை.